மாருதி இன்ஜினில் ஓடிய கனவு
(கோவை கரிவரதன் வாழ்க்கை)



2025 ஜனவரியில் துபாயில் 24 மணி நேர கார் ரேஸ் நடந்த அன்னிக்கு நம்ம விடுதியில் யாருமே தூங்கவில்லை. நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. அவர் தேசியக் கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்ததைப் பார்த்து நாம் போட்ட விசிலில் வார்டன் எழுந்து வந்ததும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

அதே அஜித்குமார் 2002-ம் வருடம் நம்ம நாட்டில் ஃபார்முலா மாருதி என்ற ரேஸில் கார் ஓட்டியவர். சின்னக் கார் அது. உள்ளே இருப்பது மாருதி 800 இன்ஜின். அந்தக் காரை யார் செய்தது என்று தேடிப் பார்த்தேன். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர். பெயர் சுந்தரம் கரிவரதன். ரேஸ் உலகத்தில் எல்லோருக்கும் அவர் 'கரி'. அவர் இறந்து முப்பது வருடம் ஆகிவிட்டது. நாமெல்லாம் பிறப்பதற்கு முன்பே போய்விட்டவர். ஆட்டோமொபைல் பிரிவில் படிக்கும் எனக்கே அவர் பெயர் தெரியாமல் இருந்தது. அந்த வெட்கத்தில்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

விடிய விடிய ஒரு பந்தயம்

முதலில் 24 மணி நேர ரேஸ் என்றால் என்னவென்று பார்த்துவிடுவோம். இதற்கெல்லாம் தாய் வீடு பிரான்ஸ் நாட்டில் உள்ள லீ மான் என்ற ஊர். 1923-ல் அங்கே தொடங்கினார்கள். சனிக்கிழமை சாயங்காலம் கிளம்பும் கார் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரை ஓட வேண்டும். ஒரே காரை இரண்டு மூன்று பேர் மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். ஓட்டுகிற ஆளுக்கு ஓய்வு உண்டு, காருக்குக் கிடையாது! பெட்ரோல் போடவும் டயர் மாற்றவும் மட்டும்தான் நிற்கும். ஒரு சுற்று என்பது 13 கிலோமீட்டருக்கு மேல். ஜெயிக்கிற கார் ஒரே நாளில் 5,000 கிலோமீட்டருக்கு மேல் கூட ஓடிவிடும். கன்னியாகுமரியில் கிளம்பி டெல்லி வரை போய், திரும்பவும் பாதி இந்தியாவைத் தாண்டி வருகிற தூரம்.

அங்கே வேகம் மட்டும் இருந்தால் பத்தாது. பிரேக், கிளட்ச், கியர் பாக்ஸ், விளக்கு, வயரிங் எல்லாம் கடைசி வரை தாங்க வேண்டும். அதனால் லீ மான் ஒரு பெரிய சோதனைக்கூடம் மாதிரி. 1953-ல் ஜாகுவார் கார் டிஸ்க் பிரேக் போட்டுக்கொண்டு வந்து அங்கே ஜெயித்தது. இன்னிக்கு நம்ம ஓசூர் ரோட்டில் போகிற பைக்கின் முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இருக்கிறது என்றால், அதற்குப் பின்னால் இப்படிப்பட்ட ரேஸ்களுக்கும் பங்கு உண்டு.

சரி, லீ மானுக்கும் கோயம்புத்தூருக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது நண்பர்களே. கொஞ்சம் பொறுங்கள்.

மில் வீட்டுப் பிள்ளை

1954 ஜூன் மாதம் கரிவரதன் பிறந்தார். லட்சுமி மில்ஸ் குடும்பம். குப்புசாமி நாயுடு 1910-ல் தொடங்கிய மில் அது. கோயம்புத்தூரின் பெரிய நூற்பாலைகளில் ஒன்று. ஆகவே கரி ஏழை வீட்டுப் பிள்ளை அல்ல. இதை மறைத்து எழுத எனக்கு இஷ்டமில்லை. என் அப்பா கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் பாலிஷ் பட்டறையில் வேலை செய்கிறார். அம்மா சீசனில் மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போவார். பாரூரில் எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். மில் முதலாளி வீட்டுப் பிள்ளையின் கதையில் எனக்கு என்ன இருக்கிறது என்று நானும் முதலில் நினைத்தேன்.

அந்தக் காலத்து கோயம்புத்தூரையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். மில்களுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் வேண்டும் என்று லேத் பட்டறைகள் வந்தன. விவசாயிக்குத் தண்ணீர் இறைக்க மோட்டார் பம்ப் வேண்டும் என்று ஃபவுண்டரிகள் வந்தன. வார்ப்பு, கடைசல், வெல்டிங், எல்லாத்துக்கும் அங்கே தெருவுக்குத் தெரு ஆள் இருந்தார்கள். வெளிநாட்டு மிஷினைப் பிரித்துப் பார்த்து, அதைப் போலவே இங்கே செய்துவிடலாம் என்ற தைரியம் அந்த ஊர்க்காரர்களுக்கு இருந்தது. ஜி.டி. நாயுடு வாழ்ந்த ஊரல்லவா! அந்தக் காற்றைச் சுவாசித்து வளர்ந்தவர் கரி. அவருக்குக் கார் ஓட்டுவதில் ஆசை. அதைவிட, காரைக் கழற்றி வேறு மாதிரி மாட்டுவதில் ஆசை.

சோழவரம் ஓடுதளம்

அப்போது தென்னிந்தியாவில் கார் ரேஸ் என்றால் சோழவரம். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம். போர் முடிந்து விமானங்கள் போய்விட்டன, கான்கிரீட் மட்டும் மிச்சம் இருந்தது. 1953-ல் ஆரம்பித்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல வருடம் ரேஸ் நடத்தியது. சென்னையிலிருந்து ஜனங்கள் திருவிழாவுக்குப் போகிற மாதிரி கூட்டம் கூட்டமாகப் போவார்கள்.

கரியும் சோழவரத்தில் ஓட்டினார். அங்கே அவர் கண்ணில் பட்டது ஒரு வித்தியாசம். ஒரு பக்கம், வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ரேஸ் கார்கள். அவற்றை வாங்க முடிந்தவர்கள் மகாராஜா வீட்டுப் பிள்ளைகளும் பெரிய தொழிலதிபர்களும்தான். காரின் விலை ஒரு பக்கம், அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய இறக்குமதி வரி இன்னொரு பக்கம். ஒரு பார்ட் உடைந்தால் கப்பலில் வர வேண்டும். மறு பக்கம், ஃபியட், அம்பாசடர், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வீட்டுக் கார்களை முடிந்த அளவு மாற்றி ஓட்டிக்கொண்டிருந்தவர்கள். இந்த இரண்டுக்கும் நடுவே எதுவுமே இல்லை. எவ்வளவு திறமை இருந்தாலும் ஒரு சாதாரண வீட்டுப் பையன் உண்மையான ரேஸ் காரில் உட்கார வழியே இல்லை.

கரியிடம் பணம் இருந்தது. அவரும் இன்னொரு வெளிநாட்டுக் காரை வாங்கி, நாலு கோப்பையை ஜெயித்து, அலமாரியில் அடுக்கி வைத்திருக்கலாம். அப்படி வாழ்ந்திருந்தால் இன்னிக்கு நான் அவரைப் பற்றி எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அவர் பட்டறைக்குள் போனார்.

ஃபார்முலா மாருதி

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. மூன்று சிலிண்டர், 796 சி.சி., சுமார் 40 குதிரைத்திறன். ரேஸ்காரர்கள் சிரிக்கக்கூடிய இன்ஜின்தான். கரி அதைப் பார்த்த விதம் வேறு.

ஆட்டோமொபைல் படிக்காத நண்பர்களுக்கும் புரிகிற மாதிரி சொல்கிறேன். அம்பாசடரில் இன்ஜின் முன்னால் இருக்கும், ஓடுகிற சக்கரம் பின்னால் இருக்கும். நடுவில் நீளமான புரொபெல்லர் ஷாஃப்ட் போகும். மாருதி 800-ல் அப்படி இல்லை. இன்ஜின், கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல் மூன்றும் ஒரே கட்டாக முன்னால் உட்கார்ந்து முன் சக்கரத்தையே சுற்றும். இப்போது அந்த முழுக் கட்டையும் அப்படியே எடுத்து, ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் வைத்தால்? பின் சக்கரம் சுற்றும், ஷாஃப்ட் தேவையில்லை, எடை குறையும். உலகத்து ஃபார்முலா கார்களில் இன்ஜின் எங்கே இருக்குமோ அதே இடத்துக்கு நம்ம மாருதி இன்ஜின் வந்துவிடுகிறது!

இரும்பு பைப்பை வெல்டிங் செய்து கூடு, மேலே ஃபைபர் பாடி, ஒரே ஆள் உட்கார இடம், வெளியே தெரிகிற நான்கு சக்கரம். 1980-களின் கடைசியில் ஃபார்முலா மாருதி இப்படித்தான் பிறந்தது. ரேஸ்காரர்கள் இதை ஃபிஸ்மி என்றும் சொல்வார்கள்.

இதில் இரண்டு பெரிய விஷயம் இருக்கிறது. ஒன்று, ஸ்பேர் பார்ட்ஸ். மாருதி ஓடாத ஊர் இந்தியாவில் இல்லை. கிளட்ச் பிளேட் போய்விட்டால் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டாம், பக்கத்துக் கடைக்குப் போனால் போதும். இரண்டாவது, எல்லோருக்கும் ஒரே மாதிரி கார். பணக்காரப் பையன் காரும் 796 சி.சி., பணமில்லாத பையன் காரும் 796 சி.சி. ஜெயிப்பது அப்பாவின் பணமா, பையனின் கையும் காலுமா என்பது ரோட்டிலேயே தெரிந்துவிடும். நாம் எழுதும் போர்டு பரீட்சை மாதிரி. எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள்.

ஃபார்முலா மாருதியை ஓட்டுவதற்கும் பணம் வேண்டும்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எட்டாத உயரத்தில் இருந்ததை ஏணி போட்டால் எட்டும் உயரத்துக்கு இறக்கி வைத்தார் கரி. ஸ்பான்சர் பிடித்தால் ஓட்டலாம் என்ற நிலை வந்தது.

1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ரேஸுக்கென்றே டிராக் திறந்தார்கள். பழைய விமானத் தளத்தை விட்டு ரேஸ் அங்கே வந்தது. டிராக் தயார், சின்னக் காரும் தயார். ஓட்டத்தான் பிள்ளைகள் வேண்டும்.

பிள்ளைகளும் வந்தார்கள். 1992-ல் கோயம்புத்தூரிலிருந்து 15 வயதுப் பையன் ஒருவன் அந்த டிராக்கில் ஃபார்முலா மாருதியில் உட்கார்ந்தான். முதல் ரேஸிலேயே வெற்றி மேடை ஏறினான். அந்தப் பையன்தான் நாராயண் கார்த்திகேயன்!

41 வயதில்...

1995 ஆகஸ்ட் மாதம். கரிவரதன் விமான விபத்தில் இறந்துபோனார். வயது 41.

இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ரேஸ் டிராக்கில் எத்தனையோ ஆபத்தைத் தாண்டிய மனுஷனின் முடிவு ஆகாயத்தில் காத்திருந்தது. தான் விதைத்தது முளைத்ததை மட்டும்தான் அவர் பார்த்தார். காய்த்ததைப் பார்க்கவில்லை. மாங்கன்று நட்ட தாத்தா பழம் சாப்பிடுவதில்லை என்று எங்கள் ஊர்ப் பக்கம் சொல்வது வழக்கம். ஆனால் கரிக்குத் தாத்தா வயசு கூட ஆகவில்லையே!

கார் நிற்கவில்லை

ஆள் போன பிறகும் கார் ஓடியது. ஃபார்முலா மாருதி ரேஸ் இருபது வருடத்துக்கும் மேல் நம்ம நாட்டில் நடந்தது. அதே வழியில் கோயம்புத்தூரில் எல்ஜிபி ஃபார்முலா கார்களும் வந்தன. பல தலைமுறைப் பையன்கள் இவற்றில்தான் ரேஸ் ஓட்டப் பழகினார்கள்.

2005-ல் நாராயண் கார்த்திகேயன் ஜோர்டான் அணியில் சேர்ந்து ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார்.

இப்போது லீ மானுக்கு வருவோம். 2009-ல் நாராயண் அங்கேயும் போனார். கோலஸ் அணியின் ஆடி டீசல் கார். எல்லாம் தயார். ஆனால் ரேஸ் தொடங்குவதற்குச் சற்று முன்பு பிட் சுவரிலிருந்து குதித்தபோது தோள்பட்டை மூட்டு விலகிவிட்டது. ஓட்ட முடியவில்லை. மூன்று பேர் ஓட்ட வேண்டிய காரை மற்ற இரண்டு பேரே 24 மணி நேரமும் ஓட்டி ஏழாவது இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பது இதுதான்.

மூன்று வருடம் கழித்து, 2012-ல் சென்னைக்காரர் கருண் சந்தோக் லீ மானில் ஓட்டினார். அந்த ரேஸில் ஓட்டிய முதல் இந்தியர் அவர். டேவிட் பிராபம், பீட்டர் டம்பிரெக் இருவரோடு சேர்ந்து மொத்தத்தில் ஆறாவது இடம்! அந்தக் கருண் சந்தோக் தன் ரேஸ் வாழ்க்கையை 2000-ல் எதில் ஆரம்பித்தார் தெரியுமா? ஃபார்முலா மாருதியில்.

எண்ணிப் பாருங்கள். லீ மான் வாசல் வரை போன நாராயண், லீ மானில் ஓடிய கருண், துபாயில் கொடி பிடித்த அஜித். மூன்று பேரும் ஏதோ ஒரு காலத்தில் கரி செய்த அந்தச் சின்னக் காரில் உட்கார்ந்தவர்கள். 24 மணி நேர ரேஸுக்கு நம்ம ஊரிலிருந்து போன பாதையில் முதல் மைல்கல் கோயம்புத்தூர்ப் பட்டறையில் நடப்பட்டிருக்கிறது.

2003-ல் கோயம்புத்தூர் பக்கம் செட்டிப்பாளையத்தில் பழைய ரேஸ் வீரர் விஜயகுமார் கட்டிய டிராக் திறக்கப்பட்டது. அதற்கு கரி மோட்டார் ஸ்பீட்வே என்று கரியின் பெயரையே வைத்தார்கள். இந்தியா முழுவதிலுமிருந்து பொறியியல் மாணவர்கள் தாங்களே செய்த காரைக் கொண்டுவந்து ஓட்டும் ஃபார்முலா பாரத் போட்டி அந்த டிராக்கில் நடந்திருக்கிறது. கரி உயிரோடு இருந்திருந்தால் எதைப் பார்த்து அதிகம் சந்தோஷப்பட்டிருப்பார்? கோப்பைகளை விட, கை முழுக்க கிரீஸோடு நிற்கும் அந்த மாணவர்களைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன்.

எங்கள் வண்டியும் எங்கள் லீ மானும்

கடைசியாக எங்கள் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் ஆண்டில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து கோ-கார்ட் வண்டி செய்ய ஆரம்பித்தோம். வெளியூரில் நடக்கும் ஒரு போட்டிக்குப் போக ஆசை. நுழைவுக் கட்டணம், ஹெல்மெட், டிரஸ், வண்டி வாடகை எல்லாம் கூட்டிப் பார்த்தால் எங்கள் ஐந்து வீட்டு ஒரு மாத வருமானத்தையும் சேர்த்தாலும் பத்தவில்லை. ரேஸ் எல்லாம் பணக்காரப் பசங்க விஷயம் என்று எங்களில் ஒருவனே சொல்லிவிட்டான். பாதி வெல்டிங் ஆன சேஸிஸ் ஒர்க்‌ஷாப் மூலையில் நாலு மாதம் துருப்பிடித்துக் கிடந்தது. எனக்குப் படிப்பே வெறுத்துப்போச்சு. கம்பெனி வேலைக்குப் போய்விடலாமா என்று கூட யோசித்தேன். அப்பாவிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

அப்போதுதான் கரியைப் பற்றிப் படித்தேன். அவர் இல்லாததை நினைத்து உட்காரவில்லை. கையில் என்ன கிடைக்கிறதோ அதிலிருந்து ஆரம்பித்தார். அவருக்குக் கிடைத்தது மாருதி இன்ஜின். எங்களுக்கு என்ன கிடைக்கும்? ஓசூரில் பழைய இரும்புக் கடைகளுக்குப் பஞ்சமா! ஒரு பழைய மொபெட் இன்ஜினை எடைக்கு வாங்கி வந்தோம். பிஸ்டன் ரிங் மாற்றி, கார்புரேட்டர் கழுவி, பழைய சேஸிஸில் ஏற்றினோம். ரோல் பார் மட்டும் புதுப் பைப்பில், லெக்சரர் சார் பக்கத்தில் நின்று பார்க்க, இரண்டு தடவை வெல்டிங் வைத்தோம். உயிர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது.

போட்டிக்குப் போகப் பணம் இல்லை. அதனால் போட்டியை நாங்களே வைத்துக்கொண்டோம். ஒர்க்‌ஷாப் பின்னால் உள்ள மைதானத்தில் வண்டி ஒரு மணி நேரம் நிற்காமல் ஓட வேண்டும். அதுதான் எங்கள் லீ மான்! முதல் நாள் 11 நிமிஷத்தில் செயின் கழன்றது. இரண்டாவது தடவை 26 நிமிஷத்தில் இன்ஜின் மவுண்டிங் வெடிப்பு விட்டது. மவுண்டிங்குக்குக் கீழே ரப்பர் புஷ் வைக்காமல் விட்டது எங்கள் தப்பு. அதிர்வு முழுக்க வெல்டிங் மேலேயே போயிருக்கிறது. புத்தகத்தில் படித்து மார்க் வாங்கிய பாடம்தான். ஆனால் உடைந்த இரும்பைக் கையில் பிடித்தபோதுதான் மண்டையில் ஏறியது. மூன்றாவது தடவை 48 நிமிஷம் ஓடியது. இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது ஒரு மணி நேரத்தைத் தொட்டிருப்போம் என்று நம்புகிறேன்.

48 நிமிஷம் ஓடிய அன்னிக்கு என் அப்பா வந்திருந்தார். வண்டியைச் சுற்றி வந்தார். ரோல் பார் வெல்டிங்கை விரலால் தடவிப் பார்த்தார். தினமும் கல்லைத் தடவிப் பாலிஷ் பார்க்கிற கை அது. ஒன்றும் சொல்லவில்லை. ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஏறுவதற்கு முன், இந்த வண்டி இன்னும் என்னென்ன சாமான் கேட்கும் என்று மட்டும் விசாரித்துவிட்டுப் போனார்.

நண்பர்களே! கரிவரதன் வாழ்ந்தது 41 வருடம். வசதியான வீட்டில் பிறந்தது அவர் சம்பாதித்தது அல்ல. அந்த வசதியைத் தனக்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல், மற்றவர்களும் ஏறுகிற மாதிரி ஒரு சின்னக் கார் செய்தாரே, அதுதான் அவர் சம்பாதித்தது. நம்மிடம் மில் இல்லை, பணம் இல்லை. ஆனால் மூன்று வருடப் படிப்பும் பத்து விரலும் இருக்கின்றன. நாளைக்கு நம்மில் ஒருவர் ஓசூர் கம்பெனியில் நல்ல இடத்துக்குப் போகலாம். அன்னிக்கு நமக்குப் பின்னால் வருகிற பையனுக்கும் பெண்ணுக்கும் ஏற ஒரு ஏணியை விட்டுவிட்டுப் போவோம்.

நீண்ட தூரப் பந்தயத்தில் முதல் சுற்றில் யார் முன்னால் போனார் என்று யாரும் கேட்பதில்லை. கடைசி வரை ஓடினாயா என்றுதான் கேட்பார்கள். ஓடுவோம் நண்பர்களே!



— மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு
பாரூர்